போர்வெல் தண்ணி வீடு, ஹீட்டர்ல பொரியுற மாதிரி சத்தம், குழாய தொட்டா சுருக்குங்குது. ரிப்பேர் பண்றதா புதுசு வாங்குறதா?

சப்பத்தண்ணி_கோவை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வீடு கோயமுத்தூர் சரவணம்பட்டி பக்கம், தனி வீடு, கீழ ஒரு பாத்ரூம் மாடில ஒரு பாத்ரூம். குழாய்ல வர்ற நல்ல தண்ணி குடிக்கவும் சமையலுக்கும்தான் பத்தும், குளிக்க துணி துவைக்க எல்லாம் போர்வெல் சப்பத்தண்ணிதான், அதான் உப்புத்தண்ணி. கீழ பாத்ரூம்ல 25 லிட்டர் ஹீட்டர் இருக்குதுங்க, வீடு கட்டுனப்ப போட்டது, ஆறு வருஷம் ஆச்சு. இப்ப கொஞ்ச நாளா ஆன் பண்ணா உள்ள எண்ணெயில என்னமோ பொரியுற மாதிரி சத்தம் வருது, லைட்டு சீக்கிரமே அணைஞ்சுடுது ஆனா தண்ணி வெதுவெதுப்பாத்தான் வருது, கீழ இருக்கிற சின்ன வால்வுல இருந்து சொட்டு சொட்டா ஒழுகுது. இதெல்லாம் கூட பரவாயில்லைங்க, அம்மா ரெண்டு மூணு தடவை குழாய தொட்டா சுருக்குன்னு இருக்குதுன்னு சொன்னாங்க, நான் தொட்டப்ப ஒண்ணும் தெரியல, அதனால பெருசா எடுத்துக்கல.

சர்வீஸ்க்கு வந்த பையன் திறந்து கூட பாக்காம டேங்க் போச்சு சார் புதுசு வாங்கிடுங்கன்னுட்டான். வாங்குறதுன்னா 15 போதுமா 25 வேணுமா, 5 ஸ்டார்தான் வாங்கணுமா, இல்ல ஒரேயடியா சோலார் போட்டுடலாமான்னு ஒரே குழப்பம். நாங்க மொத்தம் நாலு பேருங்க, அப்பா அம்மாக்கு வருஷம் முழுக்க சுடுதண்ணி வேணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய_வயர்மேன்:
தம்பி, 15ஆ 25ஆ எல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல அந்த ஹீட்டர் பிளக்கை புடுங்கி வெளிய போடுங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்றது பத்தாது, பிளக்கையே உருவணும். அந்த பாத்ரூமை எலக்ட்ரீஷியன் வந்து பாக்குற வரைக்கும் யாரும் யூஸ் பண்ண வேண்டாம், மாடி பாத்ரூம்ல குளிச்சுக்குங்க, அதுலயும் ஹீட்டர் இருந்தா அதையும் கழட்டி வைங்க.

நீங்க தொட்டப்ப தெரியலன்னா செருப்பு போட்டிருப்பீங்க இல்ல தரை காஞ்சிருக்கும். அம்மா நனைஞ்ச வெறுங்கால்ல நின்னுட்டு தொட்டிருப்பாங்க. அதே கரண்ட்டுதான், ஆளு நிக்கிற நிலைமை தான் வேற.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தண்ணிய சூடாக்குற காயில் மேல இருக்கிற குழல்ல சின்ன ஓட்டை விழுந்தா கரண்ட்டு தண்ணிக்கு வரும், அது சகஜமா நடக்குறதுதான், சப்பத்தண்ணி வீட்ல இன்னும் அதிகமா நடக்கும். ஆனா எர்த், அதாவது மண்ணுக்கு போற பச்சை வயர், சரியா இருந்தா அந்த கரண்ட்டு டேங்க் பாடி வழியா எர்த்துக்கு போயிடும், ஆர்சிசிபி, அதான் கரண்ட்டு கசிஞ்சா தானா விழுற ஸ்விட்ச், இருந்தா உடனே ட்ரிப் ஆகும். உங்க வீட்ல ஒண்ணும் ட்ரிப் ஆகல, அம்மாக்கு ஷாக் அடிக்குதுன்னா ரெண்டு விஷயம் சேர்ந்து கெட்டிருக்கு. எங்கயோ லீக் இருக்கு, அதோட எர்த்தும் செத்திருக்கு. புது ஹீட்டர் வாங்கி மாட்டினாலும் எர்த் செத்தேதான் இருக்கும், நல்லா புரிஞ்சுக்குங்க. பைப் எல்லாம் பிளாஸ்டிக்தானே எப்படி ஷாக் அடிக்கும்னு சில பேர் கேப்பாங்க, பைப் பிளாஸ்டிக்தான், உள்ள போற உப்புத்தண்ணி கரண்ட்டை நல்லாவே கடத்தும், குழாயும் ஷவரும் உலோகம்தானே.

ஒரு கேள்வி. ஹீட்டர் ஆஃப்ல இருக்கும்போதும் அம்மாக்கு அடிச்சுதா? வீட்டு ஸ்விட்ச் எல்லாம் வரிசையா இருக்கிற டிபி பாக்ஸ்ல டெஸ்ட்னு எழுதி ஒரு பட்டன் இருக்கிற ஸ்விட்ச் ஏதாவது இருக்கா?

சப்பத்தண்ணி_கோவை:
பயமா இருக்குதுங்கண்ணா, இப்பவே பிளக்கை எடுத்துட்டேன். மாடில ஹீட்டர் இல்லைங்க, அடுப்புல வெச்சு குளிச்சுக்கறோம். அம்மாகிட்ட கேட்டேன், ஒரு தடவை ஹீட்டர் போடவே இல்லையாம், மத்தியானம் துணி துவைச்சுட்டு கை கழுவப் போனப்ப அடிச்சுதுன்னாங்க. வாஷிங் மெஷின் பாத்ரூமுக்கு வெளிய யூட்டிலிட்டில இருக்குது. டிபி பாக்ஸ்ல பட்டன் வெச்ச ஸ்விட்ச் எதுவும் இல்லைங்க, லோடு அதிகமானா விழுற எம்சிபி ஸ்விட்ச் வரிசை மட்டும்தான்.

பழைய_வயர்மேன்:
அப்ப வாஷிங் மெஷினையும் கழட்டுங்க. எனக்கு இப்ப சந்தேகமே அதுமேலதான்.

பல பேருக்கு இது தெரியாது. வீட்டு எர்த் வயர் எல்லாம் ஒண்ணாதான் சேர்ந்திருக்கும். மண்ணுக்கு போற கனெக்‌ஷன் அறுந்துட்டா, வாஷிங் மெஷின் மோட்டார்ல லீக் ஆகுற கரண்ட்டு அந்த பச்சை வயர் வழியாவே ஓடி ஹீட்டர் பாடிக்கு, ஃபிரிட்ஜ் கதவுக்கு, மிக்ஸி பக்கம்னு எல்லா இடத்துக்கும் வந்துடும். ஹீட்டர் மேல ஒரு தப்பும் இருக்காது, பழி மட்டும் அதுக்கு வரும். இன்னொரு காரணமும் உண்டு, பிளக் பாயிண்ட்ல ஃபேஸும் (கரண்ட்டு வர்ற வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போற வயர்) மாத்தி குடுத்திருந்தா ஸ்விட்ச் ஆஃப் பண்ணாலும் காயில்ல ஃபேஸ் நின்னுட்டே இருக்கும், ஏன்னா நம்ம சாதா ஸ்விட்ச் ஒரு வயரைத்தான் கட் பண்ணும்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் டெஸ்டரை மட்டும் வெச்சு பாத்துட்டு ஓகேன்னு சொன்னா விடாதீங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் குண்டு பல்பு டெஸ்ட் லேம்ப் போட்டு பாக்க சொல்லுங்க, முழு வெளிச்சத்துல எரியணும், மங்கலா எரிஞ்சாலோ எரியாட்டியோ எர்த் இல்ல. மீட்டர்ல வோல்டேஜ் மட்டும் பாத்தா அரைகுறை எர்த்துலயும் 230 காட்டி ஏமாத்தும். இதெல்லாம் அவர் பாக்க வேண்டியது, நீங்க செய்யாதீங்க.

ஹீட்டர்_மெக்கானிக்_மதுரை:
வயர்மேன் அண்ணே சொன்னத முடிச்சிட்டு அப்புறம் இதப் படிங்க.

திறந்து பாக்காம டேங்க் போச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. டேங்க் போனா ரெண்டு அடையாளம் இருக்கும், ஒண்ணு டேங்க் உடம்புலேர்ந்தே தண்ணி கசியும், வெளி மூடி ஓரத்துல துருக்கறை தெரியும், இன்னொண்ணு சுடுதண்ணி செம்மண் கலர்ல வரும். நீங்க சொன்ன மூணுமே டேங்க் கோளாறு இல்ல. பொரியுற சத்தம்கிறது காயில் மேல படிஞ்ச உப்புப் பாறை, அதுக்கு இடையில மாட்டுன தண்ணி அங்கயே கொதிச்சு வெடிக்கிற சத்தம்தான் அது. லைட்டு சீக்கிரம் அணையுதே தண்ணி சூடாகலையேன்னா, தெர்மோஸ்டாட் குழல் காயில் பக்கத்துலயேதான் இருக்கும், ரெண்டும் சேர்ந்து உப்பு கட்டிருச்சுன்னா அந்த இடம் மட்டும் கொதிக்கும், தெர்மோஸ்டாட் டேங்க் முழுக்க சூடாயிருச்சுன்னு நெனச்சு கட் பண்ணிரும். டேங்க் அடியில உடைஞ்ச சுண்ணாம்புச் சில்லு சேர்ந்தா கொள்ளளவும் கொறையும்.

வால்வு சொட்டுறதுக்கு பயப்படாதீங்க, சூடாகும்போது மட்டும் சொட்டுனா அது அதோட வேலையத்தான் செய்யுது. 25 லிட்டர் தண்ணி 60 டிகிரிக்கு மேல போறப்ப ஏறக்குறைய 400 மில்லி விரியும், உள்ள வர்ற பைப்ல திரும்பிப் போகாத வால்வு இருக்கிறதால அந்த தண்ணி வெளிய வர ஒரு வழி வேணும்ல. ஹீட்டர் போடாதப்பவும் விடாம ஒழுகுனா வால்வுக்குள்ள உப்பு மாட்டியிருக்கும் இல்ல பிரஷர் பம்ப் அழுத்தம் அதிகமா இருக்கும், வால்வை மாத்திக்கலாம், வெலை பெருசா வராது. ஆனா ஒண்ணு, பல வீட்ல பாத்திருக்கேன், தரை ஈரமாகுதுன்னு அந்த ஓட்டைய எம்சீல் வெச்சு அடைச்சு வெச்சிருப்பாய்ங்க. அது மட்டும் செய்யவே கூடாது. தெர்மோஸ்டாட்டும், சூடு மீறுனா கரண்ட்ட நிறுத்துற கட்-அவுட்டும் ஒரே நேரத்துல ஒட்டிக்கிட்டா டேங்க் வெடிக்காம காப்பாத்துறது அந்த ஒரு வால்வுதான். ஈரம் ஆகாம இருக்கணும்னா சின்ன டியூப் மாட்டி தரைக்கு எறக்கி விடுங்க.

இனி முக்கியமானது ஆனோட் ராடு. இத யாரும் கேக்குறதே இல்ல. டேங்குக்குள்ள மெக்னீசியம் கம்பி ஒண்ணு இருக்கும், அது தான் கரைஞ்சு டேங்க் இரும்ப துருப்பிடிக்காம காக்கும். நல்ல தண்ணி ஊர்ல வருஷக்கணக்கா நிக்கும், உங்க தண்ணில சீக்கிரமே தீர்ந்துரும். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மூடிய கழட்டி உப்ப சுத்தம் பண்ணி ராட பாத்து நடுக்கம்பி தெரிய ஆரம்பிச்சிருந்தா மாத்திருங்க, ரப்பர் கேஸ்கெட் கட்டாயம் புதுசு போடணும், பழசயே திருப்பிப் போட்டா அங்கேர்ந்துதான் ஒழுக ஆரம்பிக்கும். ஆறு வருஷமா ராடு மாத்தலன்னா இந்நேரம் உள்ள ஒண்ணும் மிச்சமிருக்காது, டேங்க் இன்னும் நல்லாருந்தா உங்க அதிர்ஷ்டம்.

தெர்மோஸ்டாட் குமிழ கடைசி வரைக்கும் திருப்பி வைக்காதீங்க. 60 டிகிரிக்கு மேல போகப் போக உப்பு படியிறது வேகமாகும், அதுபோக அந்த சூட்ல வயசானவங்க தோலு நொடியில வெந்துரும். 60ஐ விட ரொம்ப கீழயும் வேணாம், வெதுவெதுப்பா தேங்குற தண்ணில கிருமி வளரும்.

மாடிவீட்டு_கணக்குப்பிள்ளை:
சைஸ் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். நம்ம ஊர்ல பெரும்பாலும் பக்கெட் குளியல்தான், 18 லிட்டர் பக்கெட்னு வெச்சுக்கோங்க. டேங்க் தண்ணி 25 டிகிரி, ஹீட்டர் தண்ணி 60, நமக்கு வேண்டியது 40 டிகிரின்னா கலவைல பாதிக்கும் கம்மியாதான் சுடுதண்ணி போகும். 15 லிட்டர் ஹீட்டர்ல ஏறக்குறைய 35 லிட்டர் குளிக்கிற தண்ணி வரும், அதாவது ரெண்டு பக்கெட். 25 லிட்டர்னா 58 வரைக்கும், மூணு பக்கெட்டு. சூடாக எடுக்குற நேரம் 2 கிலோவாட் காயிலுக்கு 15 லிட்டர்னா 18 நிமிஷம், 25ன்னா அரை மணி நேரம். நாலு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் குளிச்சா 25, காலைல ரெண்டு பேர் சாயங்காலம் ரெண்டு பேர்னா 15 தாராளம். தலைக்கு மேல பெரிய ஷவர் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த கணக்கு செல்லாது, நிமிஷத்துக்கு 8 லிட்டர் போனா 15 லிட்டர் ஹீட்டர் நாலு நிமிஷத்துல கையை விரிச்சிடும். ஊட்டி குன்னூர் ஆளுங்களும் இதை எடுத்துக்காதீங்க, அங்க தண்ணியே 12 டிகிரில வருது, அதே 15 லிட்டர்ல 26தான் தேறும்.

ஸ்டார் விஷயத்துல எல்லாரும் ஏமாறுறாங்கன்னு தோணுது. ஹீட்டர்ல ஸ்டார் எதுக்குன்னா சூடான தண்ணி சும்மா நிக்கும்போது எவ்ளோ சூடு வெளிய போகுதுங்கறதுக்கு. தண்ணிய சூடாக்குற கரண்ட்டு 1 ஸ்டாரா இருந்தாலும் 5 ஸ்டாரா இருந்தாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். காலைல இருந்து நைட்டு வரைக்கும் ஆன்லயே விடுற வீடுன்னா 5 ஸ்டார் காசுக்கு தகும். குளிக்கிறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போட்டு குளிச்சதும் ஆஃப் பண்ற வீட்டுக்கு ஸ்டார்ல மிச்சமாகுறது சில்லறை, அந்த வித்தியாசத்துல நல்ல ஆர்சிசிபி ஒண்ணு வாங்கி மாட்டலாம். 25 லிட்டர் ஒரு தடவை முழுசா சூடாக ஒரு யூனிட் கிட்ட ஆகும். தினம் ரெண்டு தடவைன்னா ரெண்டு மாச பில்லுல 120 யூனிட் அதுக்கே போகும், 500 யூனிட்டை தாண்டுற வீடுன்னா யூனிட் ரேட் ஸ்லாப் கணக்கே மாறிடும், அதை பாத்துக்கோங்க.

இன்ஸ்டன்ட் 3 லிட்டர் 3 கிலோவாட் வாங்க சொல்லி கடைல தள்ளுவாங்க, பாத்ரூமுக்கு வேண்டாம். நிமிஷத்துக்கு மூணு லிட்டர்கூட ஒழுங்கா வராது, ஒரு பக்கெட் ரொம்ப ஆறு நிமிஷத்துக்கு மேல ஆகும், 13 ஆம்பியர் இழுக்கும், பழைய வயரிங்ல பிளக் பாயிண்ட் தீஞ்சு போகும். கிச்சன் சிங்க்குக்கு ஓகே.

ஈரோட்டு_மாப்ள:
எதுக்கு இவ்ளோ தலைவலி, கேஸ் கீசர் போட்ருங்க, கரண்ட்டும் இல்ல ஷாக்கும் இல்ல, ஆன் பண்ண உடனே கொதிக்க கொதிக்க வரும்.

பழைய_வயர்மேன்:
மாப்ள, பாத்ரூமுக்குள்ள மட்டும் கேஸ் கீசர் மாட்ட சொல்லாதீங்க. கதவு ஜன்னல் சாத்துன சின்ன ரூம்ல கேஸ் சரியா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும், வாடை கிடையாது, நிறம் கிடையாது, குளிக்கப் போனவங்க மயங்கி விழுந்தது வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாது. குளிர்காலம் வந்தா பேப்பர்ல வருஷா வருஷம் இந்த சாவு நியூஸ் வருது. போடணும்னா வெளிச்சுவர்ல காத்தோட்டமான இடத்துல வெச்சு பைப்பை மட்டும் உள்ள கொண்டு போகணும். வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு நான் அதையும் சொல்ல மாட்டேன்.

மொட்டைமாடி_திருப்பூர்:
சோலார் கேட்டிருந்தீங்க. எங்க வீட்லயும் சப்பத்தண்ணிதானுங்க, நம்ம பக்கம் வெயிலுக்கு சோலார் நல்லாவே வேலை செய்யும், ஆனா விக்க வர்றவங்க சொல்லாத சமாச்சாரம் கொஞ்சம் இருக்குது.

சப்பத்தண்ணிக்கு காப்பர் குழாய் ஓடுற தட்டை பேனல் நேரா போட்டா அந்த மெல்லிசு குழாய்ல உப்பு அடைச்சுக்கும், அப்புறம் சுத்தம் பண்றது பெரிய பாடு. கண்ணாடி டியூப் மாடல் பரவாயில்ல, டியூப்ப கழட்டி உள்ள இருக்கிற சுண்ணாம்ப கொட்டிட்டு திருப்பி மாட்டிக்கலாம், ரப்பர் ரிங் மட்டும் புதுசு போடணும். தட்டை பேனல்தான் வேணும்னா ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெச்சது கேளுங்க, பேனல்ல வேற சுத்தமான தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும், உங்க தண்ணி அங்க போகாது, விலை கூட.

அடுத்தது பைப் தூரமுங்க. மொட்டை மாடில இருந்து கீழ் பாத்ரூம் வரைக்கும் 20 மீட்டர் முக்கால் இஞ்சு பைப்னா அதுக்குள்ள நிக்கிற ஆறு லிட்டர் பச்சத்தண்ணி வெளிய போனாத்தான் சூடு வரும். எங்கப்பா அந்த தண்ணிய பக்கெட்ல புடிச்சு செடிக்கு ஊத்துறாரு. பைப்புக்கு சிபிவிசிதான் போடணும், சாதா பிவிசி சோலார் சூட்ல இளகிடும், சித்திரை வெயில்ல டேங்க் தண்ணி 80 டிகிரி போகும். அப்புறம் ஐப்பசி கார்த்திகைல நாலு நாள் மேகம் மூட்டமா நின்னா, நமக்கு சுடுதண்ணி ரொம்ப வேணும்கிற அந்த நேரத்துலதான், சோலார் கைவிட்டுடும். பேக்கப் காயில் வேணும், இல்ல இருக்கிற ஹீட்டரை அப்படியே விட்டுடுங்க. அதனால ஹீட்டரை எடுத்துட்டு சோலார்ங்கறது கணக்கு இல்லைங்க, ரெண்டும் சேர்த்துத்தான் கணக்கு போடணும்.

தண்ணிய சாஃப்ட்னர்ல விட்டா எல்லாம் சரியாகும்பாங்க, உண்மைதான், ஆனா பாக்கெட் டிடிஎஸ் மீட்டர காட்டி பயமுறுத்தறவங்கள நம்பாதீங்க. டிடிஎஸ்ங்கறது தண்ணில கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு, கடினத்தன்மை வேற. சாஃப்ட்னர் கால்சியத்த எடுத்துட்டு சோடியத்த விடும், மீட்டர்ல நம்பர் பெருசா குறையாது. குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து மொத்த கடினத்தன்மை எவ்ளோன்னு எழுதி வாங்குங்க. குடிக்கிற தண்ணிக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் நல்லது, வேற வழியே இல்லேன்னா 600 வரைக்கும்னு இந்திய தர அளவு சொல்லுது. 600க்கு மேல வந்தா ஹீட்டரோட வாஷிங் மெஷின், குழாய் எல்லாம் சேர்த்து யோசிச்சு சாஃப்ட்னர் போடலாம்.

சப்பத்தண்ணி_கோவை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எலக்ட்ரீஷியன் வந்து பாத்தாருங்க. வயர்மேன் அண்ணா சொன்னதேதான். டெஸ்ட் லேம்ப் எரியவே இல்ல. வாசல்ல பேவர் பிளாக் போட்டப்ப எர்த் குழிய மூடி அந்த கம்பியையும் வெட்டி விட்டிருக்காங்க, யாருக்கும் தெரியாது. லீக் ஆனது வாஷிங் மெஷின் மோட்டார்தான், ஹீட்டர் காயில்ல லீக் இல்லைங்க. புதுசா எர்த் குழி தோண்டி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டாச்சு. போட்ட உடனே அது ட்ரிப் ஆகிட்டே இருந்துச்சு, இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரலை இதுகூட கலந்து வெச்சிருந்தாங்களாம், அதை பிரிச்சதும் நிக்குது. ஹீட்டர் பாயிண்ட்டுக்கு ரெண்டு வயரையும் கட் பண்ற டபுள் போல் ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளிய மாத்திட்டோம்.

ஹீட்டர வேற மெக்கானிக்க வெச்சு திறந்தோம். அடியில சுண்ணாம்புச் சில்லு ஒரு சொம்பு அளவு இருந்துச்சுங்க. ஆனோட் ராடுல நடு கம்பி மட்டும்தான் மிச்சம். டேங்க் உள்ள டார்ச் அடிச்சு பாத்தாரு, துரு இல்லைன்னாரு. காயில், ராடு, கேஸ்கெட், வால்வு நாலும் மாத்தினோம், புதுசு வாங்குற விலைல கால்வாசி கூட ஆகல. சத்தம் நின்னுடுச்சு, தண்ணி நல்லா சூடா வருது. சோலார் இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கோம்.

ஒரே ஒரு சந்தேகம். மாமா ஒருத்தர் சொல்றாரு, அடுத்த தடவை இவ்ளோ செலவு எதுக்கு, பாத்ரூம் கழுவுற ஆசிட்ட கொஞ்சம் தண்ணில கலந்து டேங்க்ல ஊத்தி வெச்சா உப்பு தானா கரைஞ்சிடும்னு. செய்யலாமுங்களா?

ஹீட்டர்_மெக்கானிக்_மதுரை:
வேணாம்ணே. அந்த ஆசிட் உப்பையும் கரைக்கும், வெல்டிங், காயில் குழல், ஸ்டீல் டேங்க்னு எல்லாத்தையும் அரிக்கும், புகை வேற நெஞ்ச அடைக்கும். கழட்டுன காயில வெதுவெதுப்பான தண்ணில சிட்ரிக் ஆசிட், அதான் கடையில எலுமிச்சை உப்புன்னு குடுப்பாங்கள்ல, அதக் கரைச்சு அதுல ஊறப் போட்டா நுரைச்சு விட்டுரும், மிச்சத்த மரக்குச்சியால தட்டி எடுங்க, கத்தி போட்டு சுரண்டாதீங்க. டேங்க் உள்ள இருக்கிறத கையால அள்ளிட்டு நல்ல தண்ணில ரெண்டு தடவை அலசுனா போதும். திருப்பி மாட்டுனதும் சுடுதண்ணி குழாய திறந்து காத்து போய் தண்ணி விடாம ஓடுறத பாத்துட்டு அப்புறமா ஸ்விட்ச போடுங்க, காலி டேங்க்ல காயில் எரிஞ்சா புது காயில் அப்பவே போயிரும்.

பழைய_வயர்மேன்:
ஆர்சிசிபில இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கி பாருங்க தம்பி, விழணும். அமுக்கியும் விழலைன்னா அன்னைக்கே மாத்திடுங்க. வாஷிங் மெஷினை மோட்டார் சரி பண்ணாம திருப்பி மாட்ட வேண்டாம்.